அயோவா சிற்றூர் ஒன்றின் ஏஎம் பேச்சு வானொலி: அடுத்து எந்த வழி?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், எட்டாயிரம் அல்லது பத்தாயிரம் பேர் வாழும் ஒரு கவுண்டித் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தலைநகரில், 1,000 வாட் திறனுள்ள ஏஎம் (மத்திய அலை) பேச்சு வானொலி நிலையத்தை ஒரு குடும்பம் நடத்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கதைக்காகக் கட்டிய நிலைமை அன்று இது. மத்திய மேற்கு மாநிலங்களில் இப்படிப்பட்ட நிலையங்கள் இன்றும் பரவலாக உள்ளன. 1990-ஐ ஒட்டி அந்நாட்டில் ஏறத்தாழ 5,000 ஏஎம் நிலையங்கள் இருந்தன. அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 4,400 அளவுக்கு இறங்கியுள்ளது. டிரான்ஸ்மிட்டருக்கு வயதாகிவிட்டது, விளம்பர வருவாய் தேய்கிறது, ஏஎம் கோபுரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்த பொறியாளர்கள் ஓய்வு பெற்றுவருகிறார்கள். இந்த நிலையில் உரிமையாளர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது. இருப்பதை இருந்தபடியே தொடரலாம். பண்பலைத் துணை ஒலிபரப்பி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். முழு டிஜிட்டலுக்கு மாறலாம். கோபுரம் நிற்கும் நிலத்தை விற்கலாம். உரிமத்தைக் கைவிட்டு இணையத்துக்குப் போகலாம். வேறொருவர் கையில் ஒப்படைத்துவிடலாம். இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பாதையாகத் தோன்றினாலும், உண்மையில் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பவை என்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

இந்தியாவில் தனியார் நிலையங்களுக்குப் பண்பலை மட்டுமே திறந்துவிடப்பட்டது. சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கவும் அவற்றுக்கு அனுமதியில்லை. ஆகவே ஊர்க்காரர் ஒருவர் மத்திய அலையில் உரிமம் பெற்று, நகர மன்றக் கூட்டத்தில் எழுந்த வாக்குவாதத்தையும் பன்றி, சோளம், சோயா ஆகியவற்றின் சந்தை நிலவரத்தையும் உயர்நிலைப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தையும் நாள் முழுவதும் பேசிக்கொண்டிருப்பது தமிழ்நாட்டு வாசகருக்குப் பழக்கமில்லாத காட்சியாக இருக்கலாம். அயோவாவில் அது மிகச் சாதாரணம்.

முதலில், இருப்பதை இருந்தபடியே தொடர்வதை எடுத்துக்கொள்வோம். இன்றைய பேச்சு வானொலியின் வடிவம் 1980-களின் இறுதியில் உருவானது. சர்ச்சைக்குரிய பொருள்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று ஒலிபரப்பாளர்களைக் கட்டாயப்படுத்தி 1949 முதல் நடைமுறையில் இருந்த நியாயக் கோட்பாட்டை, மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1987-இல் கைவிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வலதுசாரித் தொகுப்பாளர் ரஷ் லிம்பாவின் பேச்சு நிகழ்ச்சி நாடு தழுவி ஒலிக்கத் தொடங்கியது. இத்தகைய நிகழ்ச்சிகள் சிறிய நிலையங்களைச் சென்றடைந்தது பெரும்பாலும் பண்டமாற்று முறையில்தான்: நிலையம் காசு கொடுக்க வேண்டியதில்லை, மணிக்குச் சில நிமிடங்களை வலையமைப்பின் விளம்பரத்துக்கு விட்டுக்கொடுத்தால் போதும். இசை அத்தனையும் பண்பலைக்குப் போய்விட்டிருந்த காலத்தில் ஏஎம் உரிமையாளர்களுக்கு இது உயிர் தந்தது. ஆனால் அதே ஏற்பாடு உள்ளூர்த் தொகுப்பாளர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பவும் வழிசெய்தது. லிம்பா 2021 பிப்ரவரியில் காலமானார்; அவருக்குப் பின் வந்தவர்களின் நிகழ்ச்சிகளும் அதே முறையில் கிடைக்கின்றன.

இன்று இந்த ஏற்பாட்டின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிட்டது. நாடு தழுவிய பேச்சு நிகழ்ச்சியைக் கேட்க விரும்புபவருக்குக் கைபேசி போதும். அயோவாவில் அதற்கும் முன்பே ஒரு போட்டி இருந்தது: டி மாயின் நகரிலிருந்து 1040 கிலோ ஹெர்ட்ஸில் 50,000 வாட்டில் ஒலிபரப்பும் டபிள்யூஹெச்ஓ, பகலில் மாநிலத்தின் பெரும்பகுதியை எட்டுகிறது. பின்னாளில் அதிபரான ரொனால்ட் ரீகன் இளமையில் விளையாட்டு வர்ணனை செய்த நிலையம் அது. அதில் வரும் வகைப் பேச்சையே ஆயிரம் வாட் நிலையமும் பேசினால், கேட்பவருக்கு இங்கே திரும்பக் காரணம் ஏதுமில்லை. எனவே மாற்றமின்றித் தொடர்வது செலவில்லாத வழிபோலத் தெரிந்தாலும், என் கணிப்பில் அதுவே மிகவும் ஆபத்தானது. நிலையம் நட்டத்தில் விழுவதற்கு முன்பே ஊரின் கவனத்திலிருந்து நழுவிவிடும்.

இதற்கு மாறாக, அதே நிலையத்தில் மிஞ்சியிருக்கும் உள்ளூர் மணி நேரத்தைக் கொஞ்சம் உற்றுக் கேட்டுப் பார்க்கலாம். ‘டிரேடியோ’ என்றும் ‘ஸ்வாப் ஷாப்’ என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும் ஒரு நிகழ்ச்சி பல சிற்றூர் நிலையங்களில் உண்டு. ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பெரிய குளிர்பதனப் பெட்டி ஒன்று விற்பனைக்கு இருக்கிறது என்கிறார். அடுத்தவருக்கு வைக்கோல் உருளை நான்கு வேண்டும். மூன்றாமவர் தானியக் கிடங்குக்குப் பின்னால் கழுத்துப்பட்டையோடு திரியும் நாய் யாருடையது என்று கேட்கிறார். இடையே விதை விற்பனையாளரின் விளம்பரமும் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தின் விளம்பரமும் ஈமச்சடங்கு இல்லத்தின் விளம்பரமும் வருகின்றன. இதற்கு ஆகும் செலவு ஓர் ஆள், ஒரு தொலைபேசி இணைப்பு. நியூயார்க்கிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வரும் எந்தக் குரலாலும் இந்த ஒரு மணி நேரத்தை நிரப்ப முடியாது. வெள்ளிக்கிழமை இரவுக் கால்பந்தாட்டம், இரங்கல் அறிவிப்புகள், பனிப்புயலால் பள்ளி மூடும் செய்தி ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவை. பின்வரும் ஒவ்வொரு வழியையும், அது இந்த மணி நேரங்களைக் காப்பாற்றுகிறதா என்ற கேள்வியை வைத்தே நான் எடைபோடுகிறேன்.

ஏஎம் அலையின் மதிப்பைப் பொறுத்தவரை, இடத்துக்கு இடம் கணக்கு மாறும். மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டிப் பரவுவதால், மண்ணின் மின்கடத்தும் தன்மை அதன் எல்லையைத் தீர்மானிக்கிறது. அயோவாவின் கரிய ஈர மண் நன்றாகக் கடத்தும். நாட்டின் வடகிழக்கே நியூ இங்கிலாந்தின் பாறை நிலம் அவ்வளவாகக் கடத்தாது. எனவே பாஸ்டனுக்கு அருகே சில ஊர்களோடு நின்றுவிடும் ஆயிரம் வாட், இங்கே பல கவுண்டிகளைத் தொடுகிறது. அந்தப் பரப்பில் டிராக்டரிலும் அறுவடை இயந்திரத்திலும் வானொலியை ஓடவிட்டபடி வேலை செய்கிற விவசாயிகளே மிகுதி. மின்செலவு ஏஎம்மைக் கொன்றுவிடும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 50,000 வாட் நிலையங்களை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். திண்மநிலைச் சாதனங்களால் ஆன இன்றைய ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் ஒரு நாளைக்கு இழுப்பது சுமார் 40 யூனிட்தான். உண்மையான செலவு நிலத்தடியில் இருக்கிறது. கோபுரத்தைச் சுற்றி வழக்கமாக 120 செப்புக் கம்பிகளை ஆரங்களாகப் புதைப்பார்கள்; ஒவ்வொரு கம்பியின் நீளமான கால் அலைநீளம் 1400 கிலோ ஹெர்ட்ஸில் சுமார் 53 மீட்டர் என்பதால், மொத்தம் ஆறு கிலோமீட்டருக்கு மேல் செம்பு மண்ணுக்குள் கிடக்கிறது. திருடர்களுக்கும் இது தெரியும்.

உரிமத்தின் வகையும் முக்கியம். 1230, 1240, 1340, 1400, 1450, 1490 ஆகிய ஆறு அலைவரிசைகளில் இருக்கும் சி வகை நிலையங்கள் இரவும் பகலும் 1,000 வாட்டில் ஒலிக்கலாம். ஆனால் ஒவ்வோர் அலைவரிசையிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் நெரிவதால், பொழுது சாய்ந்து வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலம் தொலைதூர அலைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியதும், ஊர் எல்லையைத் தாண்டினால் இரைச்சல்தான் மிஞ்சும். டி வகை நிலையங்களின் பாடு இன்னும் மோசம்: சூரியன் மறைந்ததும் ஒலிபரப்பை நிறுத்த வேண்டும், அல்லது சொற்ப வாட்டுக்கு இறங்க வேண்டும். டிசம்பரில் அயோவாவில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது; வேலை முடிந்து மக்கள் காரில் ஏறும் நேரத்தில் நிலையம் வாயை மூடிக்கொள்கிறது. பள்ளி ஆட்டங்கள் நடப்பதோ இரவில்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது வழி, அதாவது எஃப்எம் டிரான்ஸ்லேட்டர் எனப்படும் பண்பலைத் துணை ஒலிபரப்பி, வலுப்பெறுகிறது. ஏஎம் நிகழ்ச்சியை அப்படியே பண்பலையில் மறு ஒலிபரப்பும் இந்தச் சிறு நிலையங்களை ஏஎம் உரிமையாளர்கள் பயன்படுத்த எஃப்சிசி 2009-இல் வழிவிட்டது. 2015-இல் ஏஎம் மறுவாழ்வுத் திட்டத்தின் கீழ் விதிகளைத் தளர்த்தி, பின்னர் 2017, 2018 ஆண்டுகளில் ஏஎம் நிலையங்களுக்கென்றே விண்ணப்பங்களையும் வரவேற்றது. உச்சத் திறன் 250 வாட். ஏஎம்மின் வலுவான பகல் எல்லைக்குள்ளோ ஏஎம் கோபுரத்திலிருந்து 25 மைல் வட்டத்துக்குள்ளோ, எது பெரிதோ அதற்குள், டிரான்ஸ்லேட்டரின் பரப்பு அடங்க வேண்டும். பகல் நேர ஏஎம் நிலையத்துக்கு இதில் ஒரு பெரும் சலுகை உண்டு: முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஏஎம் ஒலித்திருந்தால், இருட்டிய பிறகும் டிரான்ஸ்லேட்டர் தொடர்ந்து ஒலிக்கலாம். வெள்ளிக்கிழமை ஆட்டம் அதன்மூலம் ஊருக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஏஎம்மைப் போலப் புதிய கார்களிலிருந்து பண்பலையும் நீக்கப்படுமோ என்ற கவலையும் இல்லை. எல்ஈடி விளக்கும் மின்னேற்றியும் கிளப்பும் இரைச்சலும் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை.

குறைகள் இரண்டு. முதலாவது, டிரான்ஸ்லேட்டர் இரண்டாம் நிலைச் சேவை. முழு உரிமம் பெற்ற பண்பலை நிலையம் ஒன்றின் கேட்போருக்கு அது இடையூறு செய்வதாக உறுதியானால், அலைவரிசையை மாற்ற வேண்டும் அல்லது மூட வேண்டும். 2019-இல் எஃப்சிசி புகார்களுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கையையும் தூர எல்லையையும் வகுத்ததால் இந்த ஆபத்து குறைந்திருக்கிறது. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 2024 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் ஜாஸ்பர் நகரில், 1240 கிலோ ஹெர்ட்ஸில் இயங்கிய டபிள்யூஜேஎல்எக்ஸ் நிலையம், தன் ஏறத்தாழ 200 அடிக் கோபுரமே திருடுபோய்விட்டதாக அறிவித்தது. செய்தி உலகம் முழுவதும் வேடிக்கையாகப் பரவியது. கோபுரம் போனாலும் 101.5-இல் பண்பலைத் துணை ஒலிபரப்பி நன்றாகத்தான் இருந்தது. ஆயினும், ஏஎம் ஒலிக்காதபோது டிரான்ஸ்லேட்டர் மட்டும் ஒலிக்க விதியில் இடமில்லை என்று எஃப்சிசி அதையும் நிறுத்தச் சொன்னது. மக்கள் பண்பலையில்தான் கேட்கிறார்கள், ஆகவே ஏஎம்மைக் கவனிக்காமல் விடலாம் என்று எண்ணும் உரிமையாளர்கள் இந்த ஒரு நிகழ்வைப் படித்தால் போதும். டிரான்ஸ்லேட்டருக்குச் சட்டப்படி வேர் ஏஎம் உரிமம். வேரை வெட்டினால் கிளை நிற்காது.

முழு டிஜிட்டல் ஏஎம் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. எச்டி ரேடியோ தொழில்நுட்பத்தின் முழு டிஜிட்டல் வகையை மேரிலாந்து மாநிலம் ஃபிரெடெரிக் நகரின் டபிள்யூடபிள்யூஎஃப்டி நிலையம் 2018-இல் சோதனையாகத் தொடங்கியது. 2020 அக்டோபரில் எஃப்சிசி அதை விருப்ப அடிப்படையில் எல்லா ஏஎம் நிலையங்களுக்கும் அனுமதித்தது. ஒலி தெளிவாக இருக்கும், திரையில் பாடல் பெயரும் வரும். ஆனால் மாறிய நொடியிலிருந்து சாதாரண ஏஎம் வானொலிகள் எதிலும் நிலையம் கேட்காது. எச்டி வசதியுள்ள வானொலிகளில் மட்டுமே கேட்கும். பழைய டிராக்டரிலும் சமையலறை அலமாரியிலும் இருக்கிற வானொலிப் பெட்டிகளே பெரும்பான்மையாக உள்ள ஊரில் இது தற்கொலைக்கு ஒப்பானது. மேலும், பேச்சுக்கு இத்தனை தெளிவு தேவைதானா என்பதும் எனக்கு ஐயம்.

நிலத்தை விற்பதில் பெருநகரத்து உதாரணங்கள் உரிமையாளர்களின் கண்ணைக் கூசச் செய்கின்றன. வாஷிங்டன் புறநகரான பெதெஸ்டாவில் டபிள்யூஎம்ஏஎல் நிலையத்தின் கோபுரங்கள் நின்ற சுமார் 75 ஏக்கர், வீடு கட்டும் நிறுவனத்துக்கு 7 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. 2020 நவம்பரில் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. லாஸ் வேகாஸில் கேடிடபிள்யூஎன் நிலையம், நிலம் 4 கோடி டாலருக்கு விற்கப்பட்ட பின் 2023-இல் ஒலிபரப்பையே நிறுத்திக்கொண்டது. சிற்றூரில் இந்தக் கணக்கு செல்லாது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2023-ஆம் ஆண்டு ஆய்வின்படி மாநில விளைநிலத்தின் சராசரி விலை ஏக்கருக்கு 11,835 டாலர். பத்து ஏக்கர் விற்றாலும் ஒன்றேகால் லட்சம் டாலரைத் தொடாது. அதை வாங்கிக்கொண்டு வேறோர் இடத்தில் புதிதாகக் கோபுரம் நட்டுச் செம்பு புதைக்கப் புறப்பட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. பக்கத்தில் இன்னொரு ஏஎம் நிலையம் இருந்து, ஒரே கோபுரத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள முடிந்தால் மட்டுமே இந்த வழியைப் பேசலாம். கோபுரத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் ஆரக் கம்பிகளைத் தொடாதபடி புல் வளர்க்கக் குத்தகைக்கு விடுவது சிறிய வருமானம்தான், ஆனால் தீங்கில்லாதது.

உரிமத்தை ஒப்படைத்துவிட்டு ஸ்ட்ரீமிங், பாட்காஸ்ட் என்று இணையத்துக்கே போய்விடுவது இளைய தலைமுறை வாரிசுகளுக்குப் பிடித்த யோசனை. பேச்சு நிலையத்துக்கு இதில் ஒரு நன்மை உண்மையாகவே உண்டு: இணையத்தில் பாடல் ஒலிக்கச் செய்தால் ஒலிப்பதிவுக்கெனத் தனி ராயல்டி செலுத்த வேண்டும், பேச்சுக்கு அது இல்லை. வெளியூரில் குடியேறிய ஊர்க்காரர்கள் தம் பிள்ளைகளின் பள்ளி ஆட்டத்தைச் சிகாகோவிலிருந்தும் கேட்கலாம். ஆனால் இதைத் துணையாகச் செய்வதற்கும் இதை மட்டுமே செய்வதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவைக் குறுக்காகக் கடந்த டெரெச்சோ புயல், சீடர் ரேப்பிட்ஸ் நகரைச் சுற்றி மின்சாரத்தோடு கைபேசிச் சேவையையும் சாய்த்துவிட்டது. பல வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கானது. அந்த நேரத்தில் பனிக்கட்டி எங்கே கிடைக்கும், எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதைச் சொல்லக்கூடியது பேட்டரியில் ஓடும் வானொலியும், ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஒலிபரப்பு நிலையமும்தான். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: நிலையம் தொடர்ந்து 12 மாதங்கள் ஒலிக்காமல் இருந்தால் உரிமம் தானாகவே காலாவதியாகிவிடும் என்கிறது தகவல் தொடர்புச் சட்டம். இணையத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, சரிவரவில்லையென்றால் திரும்பி வரலாம் என்ற எண்ணத்துக்கு இதில் அதிக இடமில்லை.

கார்களில் ஏஎம் நீடிக்குமா என்ற கேள்வியை இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். மின்மோட்டார்களின் மின்காந்த இடையூற்றைக் காரணம் காட்டி டெஸ்லா, பிஎம்டபிள்யூ முதலிய நிறுவனங்கள் தம் மின்கார்களில் ஏஎம்மை நீக்கின. ஃபோர்டும் 2024 மாடல்களில் நீக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு எழுந்ததும் 2023 மே மாதத்தில் பின்வாங்கியது. அதே மாதத்தில் செனட்டர்கள் எட் மார்க்கியும் டெட் குரூஸும், அரசியலில் எதிரெதிர் முனைகளில் நிற்பவர்கள், எல்லாப் புதிய வாகனங்களிலும் ஏஎம்மைக் கட்டாயமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தனர். மசோதாவை நம்பி வரவுசெலவுத் திட்டம் போடுவது விவேகமன்று. பண்பலைத் துணை ஒலிபரப்பி வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம், அவ்வளவே.

கடைசி வழி, நிலையத்தைப் பிறர் கையில் கொடுப்பது. வாங்கத் தயாராக இருப்பவர்கள் பெரும்பாலும் மத ஒலிபரப்பு வலையமைப்புகள். ஊருக்குள்ளோ அருகிலோ முதன்மை ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியை எஃப்சிசி 2017-இல் நீக்கிவிட்டதால், வாங்குபவர் உள்ளூரில் ஒருவரைக்கூட வேலைக்கு வைக்க வேண்டியதில்லை. உரிமத்தாளில் ஊர்ப்பெயர் இருக்கும், குரல் வேறு மாநிலத்திலிருந்து வரும். ஊரிலேயே ஓர் இலாப நோக்கற்ற அமைப்பை உருவாக்கி அதற்குக் கொடையாக அளிப்பது இதைவிட நல்லது, வரிச் சலுகையும் கிடைக்கலாம். ஆனால் வணிகமல்லாத உரிமமாக அதை மாற்றினால், ஆதரவாளரின் பெயரைச் சொல்லலாமே தவிர, விலையைச் சொல்லவோ வந்து வாங்குங்கள் என்று அழைக்கவோ முடியாது. டிராக்டர் விற்பனையாளரின் பணம் அதோடு பாதியாகக் குறையும் என்றே எதிர்பார்க்க வேண்டும். வணிக உரிமமாகவே வைத்துக்கொண்டு அமைப்பு நடத்துவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இந்த உரிமையாளருக்கு நான் பரிந்துரைப்பது ஏஎம்மை விடாமல் டிரான்ஸ்லேட்டரைச் சேர்ப்பதைத்தான். வரிசை மட்டும் முக்கியம். முதல் செலவு டிரான்ஸ்லேட்டர் அன்று. கோபுரத்தடி வேலிக்கும் கம்பிகளுக்கும், ஜெனரேட்டருக்கும், மாற்று டிரான்ஸ்மிட்டருக்கும் ஆகும் செலவே முதலில். ஏஎம் நின்றால் எல்லாம் நிற்கும் என்பதால் இந்த வரிசை. கோபுரம் 200 அடிக்குக் கீழே இருந்தால், விமான நிலையம் அருகில் இல்லாத பட்சத்தில், வண்ணம் பூசுவதும் சிவப்பு விளக்கு எரிப்பதும் பொதுவாகத் தேவைப்படா. அந்த வகையில், குட்டையான கோபுரமே போதுமான உயர் அலைவரிசை நிலையங்கள் கொடுத்துவைத்தவை. அடுத்ததாக, 2017-18 விண்ணப்பக் காலத்தைத் தவறவிட்டிருந்தால், ஏற்கெனவே இயங்கும் டிரான்ஸ்லேட்டர் ஒன்றை விலைக்கு வாங்கி இடம் மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, காலை ஆறு முதல் ஒன்பது வரையும் நண்பகல் ஒரு மணி நேரமும் ஊர்க்காரர் ஒருவரின் குரலில் இருக்க வேண்டும். பண்டமாற்று நிகழ்ச்சிகள் அவற்றுக்கு நடுவிலும் இரவிலும் வரட்டும். இணைய ஒலிபரப்பு இதன் மேல் ஒரு சிறு கூடுதல் செலவு.

இத்தனைக்கும் பணம் இல்லை, விற்றே ஆக வேண்டும் என்றால், ஏஎம் உரிமத்தையும் டிரான்ஸ்லேட்டரையும் நிலத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் ஒருவருக்கே விற்பது நல்லது. டிரான்ஸ்லேட்டர் 2017-18 விண்ணப்பங்களில் பெற்றதாக இல்லாமல் விலைக்கு வாங்கியதாக இருந்தால், அதை மட்டும் நல்ல விலைக்குக் கேட்டு வருபவர்கள் இருப்பார்கள், ஏனெனில் அத்தகையதை வேறு நிலையத்தோடு இணைத்துக்கொள்ளலாம். அதைப் பிரித்துக் கொடுத்த மறுநாளே, மிச்சமிருக்கும் ஏஎம்மை வாங்க ஊரில் யாரும் முன்வரமாட்டார்கள்.